திட்டு விழாத வாரம்

காணாமல் போன பையனின் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்த வீட்டுக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பெட்டி இருக்கு மேடம். ஸ்வெட்டர் இருக்கு. பர்ஸ் தலையணைக்குக் கீழேயே இருக்கு. ஓடிப்போறதுக்குன்னு ஒரு முறை வேணாமா? இவன் வெறுங்கையோட போயிருக்கான்."

மேடம் என்பது அவருடைய மனைவிதான். வீட்டில் அவளை 'இங்க பாரு' என்று கூப்பிடுவார். துப்பறியும் வேலை என்று வாசற்படி தாண்டிவிட்டால் மட்டும் 'மேடம்'. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பொய் சொல்லிப் பணம் கேட்டு வந்தவர்களை மோப்பம் பிடித்தே காலம் தள்ளியவள் அவள். வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, மூக்குக்கு ஓய்வு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் தையல் மிஷின் விற்றவர். இப்போது அவளுக்குச் சம்பளமில்லாத உதவியாளர். சாப்பாடு உண்டு, ஆனால் அதை அவரே சமைத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் நின்றிருந்தது ஆண்பிள்ளைகள் மட்டும் தங்கிப் படிக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் படுக்கை அறை. பையன்களைக் கல்லூரிக்குத் தயார் செய்வது ஒன்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்த வேலை. விடிந்தால் கல்லூரி நுழைவுத் தேர்வு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மணி அடித்து ஆள் எண்ணியபோதுதான், எல்லோரையும் விட நன்றாகப் படிக்கிற பையனைக் காணோம் என்று தெரிந்தது. முதல்வர் மேடத்துக்கு ஆள் அனுப்பினார். மற்றப் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஆன்சர்'. கணக்குப் போட்டுவிட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் புரட்ட மாட்டார்களாம், அவன் முகத்தைப் பார்ப்பார்களாம்.

அவன் அம்மா இறந்து ஒரு வாரம் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது.

ஏன் தெரியாது என்று கேட்பீர்கள். அங்கே ஒரு பழக்கம். கடைசிப் பருவத்தை 'மௌனப் பருவம்' என்பார்கள். வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் செய்தி முதல்வரோடு நின்றுவிடும், தேர்வு முடிந்த பிறகுதான் பையன் காதுக்குப் போகும். வாரத்துக்கு ஒரு முறை போன், மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க வரலாம். இரண்டிலும் சந்தோஷமான பேச்சு மட்டும்தான். பெற்றவர்கள் தலையாட்டித்தான் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அண்ணன் கல்யாணத்தை ஆல்பத்தில் மட்டும் பார்த்த பையன்கள் அங்கே நிறைய. இந்த முறை வந்தது கல்யாணம் இல்லை.

"கண்ணை மூடறதுக்கு முன்னாடி அவளே சொன்னா மேடம்," என்றார் பையனின் அப்பா. "பரீட்சை முடியட்டும், அவன்கிட்ட சொல்லிடாதீங்கன்னா. அதான்..."

எப்போதும் மனைவியோடு பஸ்ஸில் வருகிறவர், இந்த முறை முதலாளியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்திருந்தார். இன்று பார்க்க வரும் ஞாயிறு. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளிக்க வந்த மனிதருக்கு, பையனே இல்லை என்று பள்ளிக்கூடம் சொன்னது. முழங்காலில் வைத்த கையை எடுக்காமல் முதல்வர் அறையில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. எடுத்துச் சொல்கிறவள் இப்போது வீட்டில் இல்லை.

முதல்வருக்கு வேறு கவலை. யார் சொன்னது? யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள், அதுதான் பையன் ஓடிவிட்டான். அவருக்குச் சமையல்காரர் மேல் சந்தேகம். அடுப்படியில் அந்த ஆள் அழுததைப் பார்த்தவர்கள் உண்டாம். சாயங்காலத்துக்குள் மூட்டை கட்டச் சொல்லியாயிற்று.

"எனக்கு யார் சொன்னாங்கன்னு தெரியணும்," என்றார் முதல்வர்.

"எனக்கு என் பையன் வேணும்," என்றார் அப்பா.

மேடம் இரண்டு பேரையும் பார்த்தாள். முதலாவது தெரிந்தால் இரண்டாவது தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பள்ளிக்கூடத்துக்காரர்கள் காலையிலிருந்து சும்மா இருக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு ஒரு ஆள், பஸ் நிலையத்துக்கு ஒரு ஆள் போனார்கள். பையனின் ஊர்ப் பக்கம் போகிற பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி விசாரித்தாயிற்று. அப்படி ஒரு பையன் ஏறவே இல்லை என்று எல்லாக் கண்டக்டரும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கும் அவன் வரவில்லை. அங்கே அவனுடைய அத்தை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்பா வேறெதையும் யோசிக்கவில்லை, ஊருக்கு வெளியே ஓடும் ஆற்றைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து சொல்லவில்லை. ஜன்னல் வழியாக அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்ததில் தெரிந்தது.

சமையல்காரர் பெரிய உடம்புக்காரர். கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார். தன் பிள்ளைகள் மேல் சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். வேறு ஏதாவது செய்தீர்களா என்று மேடம் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு முட்டை கூடுதலா வெச்சேன் மேடம். தினமும். தாயில்லாப் பிள்ளையாச்சே, மனசு கேக்கல."

"அவன் எதுவும் கேட்டானா?"

"முதல் நாள் தப்பா வெச்சுட்டீங்கன்னு திருப்பிக் குடுத்தான். ரெண்டாம் நாள் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் ஒண்ணும் கேக்கல."

வெளியே வந்ததும், முட்டை பேசுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். சில முட்டை பேசும் என்றாள் மேடம்.

அடுத்தது வார்டன். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், போர்வை மடிப்பைப் பிரம்பால் தட்டிப் பார்ப்பவர். மடிப்பு கோணினால் அன்று முழுக்க அந்தப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு திரிய வேண்டும். அவரும் எதுவும் சொல்லவில்லையாம். வியாழக்கிழமை மட்டும் அந்தப் பையன் போர்வையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டிருந்தான். இவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார்.

"யாருக்குத்தான் மனசு வரும் சொல்லுங்க," என்றார் வார்டன்.

பக்கத்துக் கட்டில் பையனுக்கு மேல் உதட்டில் அப்போதுதான் கறுப்பு விழ ஆரம்பித்திருந்தது. பெரியவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது, எதை என்று புரியவில்லை. அதனால் கோபமாகவே பேசினான்.

"அவனுக்கு இந்த வாரம் ராஜ மரியாதை மேடம். கூட ஒரு முட்டை, லேட்டா வந்தா திட்டு கிடையாது, படிப்பு ஹால்ல தூங்கினா எழுப்பறது கிடையாது. ஆன்சருக்குத் தனி சட்டம்டான்னு நாங்க கிண்டல் பண்ணினோம்."

"அவன் சந்தோஷமா இருந்தானா?"

பையன் யோசித்தான். கோபம் கொஞ்சம் இறங்கியது.

"இல்ல மேடம். நேத்து ராத்திரி விளக்கணைக்கிறப்ப, 'டேய், என்னை யாராவது ஒருத்தர் திட்டுங்கடா'ன்னான். நாங்க எல்லாரும் சிரிச்சோம்."

வீட்டுக்காரரின் கை ஜன்னல் விளிம்பில் கிடந்த ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிக்கொண்டிருந்தது. ஷூ பாலிஷ். மூடி திறந்தே இருந்தது, பக்கத்தில் பிரஷ், கறுப்பு ஈரம் இன்னும் காயாத துணி.

"இது யாருது?" என்றாள் மேடம்.

ஆன்சருடையதுதான். காலையில் இருட்டு பிரியும்போதே எழுந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தானாம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையையும் காணோம். அது மாதத்துக்கு ஒரு முறைதான் பெட்டியை விட்டு வெளியே வரும் சட்டை.

"ஓடிப்போறதுக்கு இவ்வளவு மினுக்கா?" என்றார் வீட்டுக்காரர். "நான் பொண்ணு பார்க்க வந்தப்பகூட ஷூவுக்குப் பாலிஷ் போடல."

"அதான் இன்னிக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்," என்றாள் மேடம். பிறகு அந்த டப்பாவை வாங்கி மூடியை அழுத்தி மூடினாள். ஓடிப்போகிறவன் பாலிஷ் போட மாட்டான், யாரையோ பார்க்கப் போகிறவன்தான் போடுவான் என்று மெதுவாகச் சொன்னாள்.

கணக்கு வாத்தியார் தன் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். அவர் வகுப்பில் ஒரு தண்டனை உண்டு. கரும்பலகையில் யார் தப்பாகக் கணக்குப் போட்டாலும், கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே மணி அடிக்கும் வரை நிற்க வேண்டும். 'தப்புக்குக் காவல்' என்று அதற்குப் பெயர். அப்படி நிற்காமல் அங்கிருந்து கல்லூரிக்குப் போனவன் கிடையாது. நிற்காத ஒரே ஒருவன் ஆன்சர்தான். அவன்தான் தப்பே செய்ய மாட்டானே.

பலகையில் ஒரு நீளமான கணக்கு அழிக்காமல் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கணக்கு என்றாலே தலை சுற்றும். ஆனால் கடைசிக்கு முந்தின வரியைப் பார்த்ததும் அவரே நின்றுவிட்டார்.

"பதினஞ்சுல ஏழு போனா ஒன்பதா? என் கணக்குப்படி எட்டு. என் கணக்கை நம்பி நானே மளிகைக்குப் போறதில்ல, ஆனாலும் இது எட்டுதான்."

"அவன்தான் போட்டான்," என்றார் வாத்தியார். "நேத்து. கஷ்டமான இடமெல்லாம் தாண்டி வந்து, சின்னக் குழந்தை போடற கழித்தல்ல விட்டான்."

மேடம் பலகைக்குக் கிட்டப் போனாள். மற்ற எண்கள் எல்லாம் பொடிப்பொடியாக, வேகமாக எழுதப்பட்டிருந்தன. அந்த ஒன்பது மட்டும் பெரிதாக, அழுத்தமாக, கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. தப்பு என்பது அவசரத்தில் தானாக விழுவது. இது வேண்டுமென்றே வைத்த தப்பு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பரவாயில்லப்பா, போய் உக்காருன்னேன். அவன் உக்காரல மேடம். காவல் நிக்கட்டுமா சார்னு கேட்டான். வேணாம்பான்னேன். மறுபடியும் கேட்டான். வேணாம்னு சொல்லி அவன் தோளைத் தட்டிக் குடுத்தேன்." பலகையைத் திரும்பிப் பார்த்து, "அவன் முகம் வெளுத்துப்போச்சு. எனக்கு அப்ப புரியல," என்றார்.

"இப்ப புரியுதா?"

அவர் எழுந்து அவர்களோடு நடந்தார்.

முதல்வர் அறைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சமையல்காரர் கதவோரம் நின்றார். யார் சொன்னது, கண்டுபிடித்தாயிற்றா என்று முதல்வர் கேட்டார்.

"இங்க யாருமே வாயால சொல்லல," என்றாள் மேடம். "இவர் ஒரு முட்டை வெச்சார். வார்டன் கலைஞ்ச போர்வையைப் பார்க்காம போனார். சார் தோளைத் தட்டினார். திட்டு வாங்கியே வளர்ற இடத்துல, திடீர்னு ஒரு வாரம் ஒருத்தனுக்கு மட்டும் திட்டே விழலைன்னா அவன் என்ன நினைப்பான்? அவன் கணக்குப் போடற பையன். ஒவ்வொண்ணா சோதிச்சுப் பார்த்திருக்கான். போர்வையைக் கலைச்சான், பலகையில வேணும்னே தப்பு எழுதினான். யாராவது ஒருத்தர் திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பான்."



வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று இவர்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் யாருக்கு என்று இவர்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னது வேறொருவர். இப்படிச் சொல்லிவிட்டு மேடம் நாற்காலியை இழுத்துப் பையனின் அப்பாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குப் பிடிக்காத கேள்விகளை அவள் உட்கார்ந்துதான் கேட்பாள்.

"புதன்கிழமை போன் பேசினீங்க இல்லையா? என்ன பேசினீங்கன்னு அப்படியே சொல்லுங்க."

அப்பா யோசித்து யோசித்துச் சொன்னார். அம்மா எங்கே என்று பையன் கேட்டான். கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவாளா என்று கேட்டான். வருவாள் என்றார். அழுகை வந்துவிடும் போல இருந்தது, சட்டென்று வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா? வைக்கறதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் இல்லையே... சாப்பிட்டியாடான்னு கேட்டேன்."

"எப்பவும் அப்படித்தான் கேப்பீங்களா?"

அப்பா தலையை நிமிர்த்தினார்.

"இல்ல," என்றார் கடைசியில். "நான் எப்பவும் படிக்கிறியாடான்னுதான் கேப்பேன். சாப்பிட்டியான்னு கேக்கறது... அவதான். நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவ கேக்கறது எனக்கும் கேக்கும்." முழங்காலில் இருந்த கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். "அவ இல்லையேன்னு நான் கேட்டேன். அவ கேக்க வேண்டியதை."

முதல்வர் சமையல்காரரைப் பார்த்து, அடுப்படிக்குப் போங்க, மூட்டை கட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

"அழுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு," என்றாள் மேடம். குரல் இறங்கியிருந்தது. "யாராவது வாய் திறந்து சொல்லியிருந்தா அவன் நேரா வீட்டுக்கு ஓடியிருப்பான். அவன் ஓடல. ஏன்னா அவனுக்கு வந்திருக்கிறது அவனே போட்ட விடை. அது தப்பா இருக்கணும்னு அவன் வேண்டிக்கிட்டிருக்கான். அம்மா ஞாயித்துக்கிழமை வருவான்னு நீங்க சொன்னீங்க. வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு, விடையைச் சரிபார்க்கப் போயிருக்கான்."

பஸ் நிலையத்தில் தேடிவிட்டோமே, எந்தப் பஸ்ஸிலும் அவன் ஏறவில்லையே என்றார் முதல்வர்.

"ஏறினவனைத் தேடினீங்க," என்றாள் மேடம். "இறங்கறவளுக்காக உக்காந்திருக்கிறவனை யார் தேடினா?"

அப்பாவால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. காரை வீட்டுக்காரர்தான் ஓட்டினார். கணக்கு வாத்தியார் கேட்காமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியில் ஒரே ஒரு தடவை வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அங்கே அவன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று மெல்லக் கேட்டார். இருப்பான் என்று மேடம் சொன்னாள். சொல்லும்போது அவள் அவருடைய தோளைப் பிடித்திருந்தாள். இத்தனை வழக்குகளில் அவள் அப்படிப் பிடித்தது கிடையாது.

எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒரு பஸ் நிலையம். புறப்படும் பஸ்கள் முன்பக்கம் நிற்கும், அங்கேதான் கடைகள், கூட்டம், கூச்சல். வந்து சேரும் பஸ்கள் பின்பக்கக் கொட்டகையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். அங்கே டயர் வாசனையும் ஒரு சிமெண்ட் பெஞ்சும்தான். பெஞ்சின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இடத்தில் தன் கைக்குட்டையை விரித்துப் போட்டிருந்தான். வருகிறவள் உட்கார்வதற்கு இடம்.

துடைப்பத்தோடு வந்த ஒருவர், காலைத் தூக்கு, எவ்வளவு நேரம்தான் இங்கேயே உட்கார்ந்திருப்பாய் என்று அவனைச் சத்தம் போட்டார். பையன் காலைத் தூக்கிக்கொண்டான். அந்தத் திட்டு அவனுக்கு இதமாக இருந்தது போலத் தெரிந்தது.

அப்பா காரை விட்டு இறங்கினார். மேடம் அவரைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அந்த நேரம் பார்த்துப் பையனின் ஊர்ப் பஸ் கொட்டகைக்குள் திரும்பியது.

பையன் எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். ஒருவர் இறங்கினார், ஒரு குடும்பம் இறங்கியது, மூட்டையோடு ஒரு கிழவர் இறங்கினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் கண்டக்டரும் இறங்கினார். அதற்குப் பிறகும் அவன் நகரவில்லை. எக்கி எக்கி, ஜன்னல் ஜன்னலாக, காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸின் பின்முனை வரை நடந்தான். அங்கே அப்பா நின்றிருந்தார்.

தனியாக நின்றிருந்தார்.

பையன்தான் முதலில் கேட்டான்.

"என் கணக்கு தப்புதானேப்பா?"

அப்பா தலையை மட்டும் அசைத்தார். இல்லை என்று.

"ஒரு தடவை தப்புன்னு சொல்லுங்கப்பா."

அவரால் முடியவில்லை. மகனின் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். காலி பஸ் பின்னால் நகர்ந்து கொட்டகையை விட்டுப் போனது. நாளைய தேர்வைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. கணக்கு வாத்தியார் மட்டும் தூணுக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவர் வகுப்புப் பையன்கள் தப்புக்குக் காவல் நிற்பார்களே, அதே மாதிரி. இங்கே அடிப்பதற்கு மணி கிடையாது. அவரும் நகரவில்லை.

எவ்வளவு நேரம் ஆனதோ. பையன் தலையை நிமிர்த்தி, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்பாவின் சட்டையில் மாற்றிப் போட்டிருந்த பொத்தான் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அதைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டான். பெஞ்சில் விரித்திருந்த கைக்குட்டையைக் காட்டி, உட்காருங்கள் என்றான். அப்பா உட்கார்ந்தார். அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீங்க சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டான்.